நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் சொந்தமாக நடத்தும் இனிப்புக் கடைகள் எவை? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மகன் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வேலையில் இருக்கிறான். தை கடைசியில் கிளம்பிப் போய் சித்திரை முடிய அங்கே இருக்கப்போகிறேன், விமானம் ஏறுவதே இதுதான் முதல் தடவை. ஊர் சுற்றிப் பார்க்க நான் வழி கேட்கவில்லை, அதை அவன் பார்த்துக்கொள்வான். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த ஊரில் கறுப்பின மக்களே முதலாளியாக இருந்து நடத்துகிற இனிப்புக் கடைகள் எங்கே இருக்கின்றன, அங்கே போய் என்ன சாப்பிட வேண்டும்?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் கடைசியில் ஐடா புயல் அடித்தபோது மகன் அந்த ஊருக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நகரம் முழுக்க மின்சாரம் போய்விட்டது, கடை திறக்கவில்லை, தெரிந்தவர் என்று யாரும் இல்லை. எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பின அம்மா, ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் கெட்டுப்போவதற்கு முன்னால் தன் பழைய கேஸ் அடுப்பில் சமைத்துத் தெருவுக்கே கொடுத்திருக்கிறார். இவன் மாமிசம் சாப்பிட மாட்டான் என்று தெரிந்ததும், சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுடுகிற ஸ்வீட் பொட்டேட்டோ பை ஒன்று இவனுக்கென்று தனியாகச் செய்து கொண்டுவந்து கொடுத்தாராம். பொங்கலுக்கு நான் அவித்து நெய் விட்டு மசிக்கிற வள்ளிக்கிழங்கு ஞாபகம் வந்து அழுதுவிட்டேன் என்று போனில் சொன்னான். கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யத்தில் என் தங்கை வீடு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நேரில் பார்த்தவள் நான். அந்த நேரத்தில் ஒருவர் கொண்டுவந்து வைக்கிற ஒரு வாய் உணவு என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா மகனிடம் சொல்லியிருக்கிறார், உன் அம்மா வந்தால் டூரிஸ்ட்கள் வரிசையில் நிற்கிற இடத்தோடு நிறுத்திவிடாதே, எங்கள் ஆட்களின் கடைக்கும் அழைத்துப் போ, இந்த ஊர் இனிப்பில் பாதி எங்கள் பாட்டிமார் கையில் பிறந்தது என்று. அந்தப் பேச்சு எனக்குள் அப்படியே நிற்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். முட்டை சேர்ந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை, விலங்குக் கொழுப்பு மட்டும் வேண்டாம், அதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? அப்புறம் அந்த அம்மாவுக்கு நம் பக்கத்திலிருந்து என்ன இனிப்பு எடுத்துப் போகலாம்? வெறும் கையோடு போய் அவர் வாசலில் நிற்க எனக்கு மனம் வராது.

கோரையாறு, மன்னார்குடி:

வணக்கம் டீச்சர். ஆறு வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் ப்ராலீன் வாசனையே வந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ப்ராலீன் என்பது சர்க்கரை, வெண்ணெய், பால் அல்லது க்ரீம், பீக்கன் பருப்பு இவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் பாதாமில் செய்துகொண்டிருந்ததை அங்கே சமையல் கட்டில் நின்ற கறுப்பினப் பெண்கள் அந்த மண்ணில் விளைந்த பீக்கனுக்கு மாற்றி, பாலும் சேர்த்து, வேறொரு பண்டமாக ஆக்கிவிட்டார்கள். பாகை உருட்டுப் பதத்துக்குக் காய்ச்சி இறக்கி, பளபளப்பு மங்கிப் பூத்து வரும்வரை கிளறி, கரண்டி கரண்டியாகத் தட்டில் விடுவார்கள். நம்மூரில் பாகு பூத்துவிட்டால் சரக்கு கெட்டுப்போச்சு என்போம், அங்கே அந்தப் பூப்பதுதான் பதம். வாயில் போட்டால் முதலில் பொடியும், பிறகு பால்கோவா மாதிரி கரையும், கடைசியில் பருப்பு கடிபடும். ஈரக்காற்று அடிக்கிற நாளில் சரியாக இறுகாது, அதனால் மழை விட்ட மறுநாள் போய் வாங்குங்கள்.

19ஆம் நூற்றாண்டில் இதைத் தட்டில் வைத்துத் தெருவில் விற்றவர்கள் கறுப்பினப் பெண்கள், ப்ராலீனியேர் என்றே அவர்களுக்குப் பெயர். ஆனால் பிற்பாடு கடை, பெட்டி, கம்பெனி என்று வந்தபோது பெட்டியின் மேல் தலைக்குத் துணி கட்டிய கறுப்பினக் கிழவியின் படம் இருக்கும், கல்லாவில் வேறு யாரோ இருப்பார்கள். இந்தச் சரித்திரம் தெரிந்தால்தான் லொரெட்டா ஹாரிசன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அந்த ஊரில் ப்ராலீன் கம்பெனி ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கி நிலைநிறுத்திய முதல் கறுப்பினப் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். வீட்டு வழியாக வந்த பக்குவம், அந்த ஊரில் வருடா வருடம் நடக்கும் ஜாஸ் இசைத் திருவிழாவில் வைத்து விற்றுப் பெயர் வாங்கினார். 2022இல் காலமாகிவிட்டார், குடும்பத்தினர் லொரெட்டாஸ் என்ற அதே பெயரில் நடத்துகிறார்கள். பிரெஞ்சு மார்க்கெட்டில் அவர்கள் கடை உண்டு. ப்ராலீனை உள்ளே வைத்த பென்யே கேளுங்கள், பென்யே என்றால் புளித்த மாவைச் சதுரமாக வெட்டிப் பொரித்து மேலே சர்க்கரைத் தூளைக் கொட்டித் தருவது. சுடச்சுடப் பிய்த்தால் உள்ளிருந்து ப்ராலீன் உருகி வழியும். ஒன்று போதும், இரண்டாவதை மகனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பீக்கன் மரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. காட்டுப் பீக்கனில் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி காய்க்கும், ஓடு எளிதில் உடையாது, பருப்பு சிறுத்திருக்கும். நல்ல மரத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்குவதை முதலில் செய்து காட்டியவர் ஆன்ட்வான், லூசியானாவில் ஓக் ஆலி தோட்டத்தில் அடிமையாக இருந்த தோட்டக்காரர். 1846, 47 வாக்கில் நடந்தது அது. அவர் ஒட்டுக்கட்டிய ரகம்தான் 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு வாங்கி சென்டெனியல் என்று பெயர் பெற்றது. அவருடைய முழுப் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, ஆன்ட்வான் என்பது மட்டும்தான்.

அடுத்து ட்ரெமே. பழைய கறுப்பினக் குடியிருப்பு, அங்கே ஆர்லியன்ஸ் அவென்யூவில் டூக்கி சேஸ் உணவகம், 1941இல் தொடங்கியது. லியா சேஸ் அம்மா 2019இல் தம் 96ஆவது வயதில் இறக்கும்வரை அந்த அடுக்களையில்தான் இருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்காருவது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், இந்த உணவகத்தின் மாடியில்தான் இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து சிவில் உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டார்கள், மார்ட்டின் லூதர் கிங் சாப்பிட்ட இடம் அது. 2005இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் உணவகம் மூழ்கியது, எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மா எதிரே நிறுத்தியிருந்த டிரெய்லரில் குடியிருந்துகொண்டு அதைத் திரும்பத் திறந்தார். அங்கே பீச் காப்ளர் கிடைக்கும் நாளில் போங்கள். பழத்தைச் சர்க்கரையில் வேகவைத்து மேலே மாவு மூடிச் சுட்டது, ஓரத்தில் பாகு கரிந்து ஒட்டியிருக்கும், அந்த ஓரத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே இடம் சொல்லிவைத்துவிட்டுப் போவது நல்லது.

அதே பகுதியில் எஸ்பிளனேட் அவென்யூவில் லில் டிஸ்ஸீஸ், பல தலைமுறையாக உணவகம் நடத்துகிற பாக்கே குடும்பத்துடையது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரெட் புட்டிங் கேளுங்கள். பழைய ரொட்டியைப் பால் முட்டையில் ஊறவைத்துச் செய்வது.

ட்ரெமேயில் நடக்கும்போது கிளெய்போர்ன் அவென்யூவின் மேல் ஒரு பெரிய மேம்பாலம் போவதைப் பார்ப்பீர்கள். 1960களில் நெடுஞ்சாலைக்காக அங்கே வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், இரண்டு பக்கமும் இருந்த கறுப்பினத்தவர் கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. இப்போது கடை குறைவாக இருக்கிறதே என்று நினைத்தால் அந்தத் தூண்களின் கீழ் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

கொழுப்பு விஷயம்: "லார்ட் சேர்த்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள், அது பன்றிக் கொழுப்பு. பை ஓட்டில் சில இடங்களில் சேர்ப்பார்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பண்டத்தின் மேல் வெள்ளையாக உப்பலாக மார்ஷ்மெல்லோ இருந்தால் அதில் ஜெலட்டின் உண்டு, அதையும் தவிர்த்துவிடுங்கள். ப்ராலீனில் பெரும்பாலும் முட்டையும் கிடையாது, வெண்ணெய் தவிர வேறு விலங்குக் கொழுப்பும் கிடையாது. பிரெட் புட்டிங் மேல் ஊற்றுகிற சாஸில் விஸ்கியோ ரம்மோ இருக்கலாம், வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓடம்போக்கி, திருவாரூர்:

எனக்கு ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. இனிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு முதலாளி என்ன நிறம் என்று பார்ப்பது சரியா? நாளைக்கு நம்மூரில் யாராவது இன்ன சாதிக்காரர் கடையில்தான் வாங்குவேன் என்றால் நாமே கண்டிப்போம். நீடாமங்கலத்தில் பால் திரட்டு வாங்கும்போது நான் யார் கடை என்று கேட்டதே இல்லை. அந்த எதிர்வீட்டு அம்மா செய்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நன்றி அந்த அம்மாவுக்குச் சொன்னால் போதாதா?

கடைமடை, நாகை மாவட்டம்:

ஓடம்போக்கி அண்ணனுக்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், கோபமில்லாமல்தான் எழுதுகிறேன்.

என் அப்பா 28 வருடம் ஒரு பெரிய இனிப்புக் கடையில் சரக்கு மாஸ்டர். பூந்தி தேய்த்தால் முத்து முத்தாக விழும், அல்வா கிளறினால் நெய் கக்குகிற நேரத்தைப் பார்க்காமல் வாசனையிலேயே சொல்வார். அந்தக் கடை லட்டு என்று ஊரே பேசியது அவர் கை லட்டு. ஆனால் அந்த 28 வருடத்தில் அவர் கல்லா பக்கம் வந்ததில்லை, பின்கட்டு வழியாக வந்து பின்கட்டு வழியாகப் போவார், நாங்கள் எந்தத் தெரு என்பது வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடாது என்று சொல்லியே வைத்திருந்தார்கள். 1996இல் கையில் சேர்த்த பணத்தோடு கடைவீதியில் ஒரு சின்ன இடம் வாடகைக்குக் கேட்டார். மூன்று இடத்தில் முன்பணம் பேசி முடித்த பிறகு, எந்தத் தெரு என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தவர், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

அண்ணே, நீங்கள் யார் கடை என்று கேட்காமல் வாங்குகிறீர்கள், உண்மைதான், நல்ல மனதோடுதான் வாங்குகிறீர்கள். ஆனால் கடைவீதியில் போர்டு மாட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டார்கள். நீங்கள் வந்து நிற்கும்போது மிச்சம் இருப்பது அவர்கள் விட்டுவைத்த கடைகள்தான். டீச்சர் அம்மா கேட்பது இந்தச் சாதிதான் வேண்டும் என்று ஒதுக்குகிற கேள்வி இல்லை, ஒதுக்கப்பட்டவர் எங்கே கடை போட்டிருக்கிறார் என்று தேடிப் போகிற கேள்வி. இரண்டும் ஒன்றில்லை.

அப்பா கடைசியில் எங்கள் தெரு முகப்பிலேயே சொந்தப் பட்டா இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தொடங்கினார். இப்போது நானும் அம்மாவும் நடத்துகிறோம், கொட்டகை ஓட்டுக் கட்டடம் ஆகிவிட்டது. முதல் பத்து வருடம் எங்கள் ஆட்கள் மட்டும்தான் வாங்கினார்கள். முதன்முதலாக மேலத்தெருவிலிருந்து ஒரு அம்மா தீபாவளிக்கு நேரில் வந்து, எங்கள் கண் எதிரிலேயே ஒரு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டு, மூன்று கிலோ கட்டுங்கள் என்று சொன்ன நாளை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நியூ ஆர்லியன்ஸில் டீச்சர் அம்மா ஒரு கடைக்குள் நுழைந்தால் அந்தக் கடைக்காரருக்கு அது அப்படி ஒரு நாளாக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆலைச் சங்கு, தஞ்சாவூர்:

சர்க்கரை ஆலையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இனிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்தச் சர்க்கரையிலேயே நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினத்தவர் ஒருவரின் மூளை கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

நம் பக்கத்து வெல்ல ஆலைக் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள், திறந்த கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கும், ஆள் நின்று அழுக்கை எடுத்துக்கொண்டே இருப்பார். லூசியானாவில் அடிமைகளைக் கொண்டு சர்க்கரை காய்ச்சியபோது இதையே வரிசையாக வைத்தார்கள், ஒரு கொப்பரையில் கொதித்த பாகை நீளக் கரண்டியால் மொண்டு அடுத்ததில் ஊற்ற வேண்டும். ராப்பகலாக வேலை. கொதிக்கிற பாகு மேலே பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட முடியாது. அந்த வேலையில் எத்தனை பேர் வெந்தார்கள் என்று யார் கணக்கு வைத்தார்கள்.

நார்பெர்ட் ரில்லியூ 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அம்மா அடிமையாக இல்லாத, சுதந்திரமான கறுப்பினப் பெண், அப்பா வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. பாரிஸில் பொறியியல் படித்து அங்கேயே பாடமும் நடத்திவிட்டுத் திரும்பி வந்தார். அவர் செய்தது என்னவென்றால், மூடிய கலன்களை வரிசையாக இணைத்து, முதல் கலனில் சாறு கொதித்து எழுகிற ஆவியையே அடுத்த கலனைச் சூடாக்கப் பயன்படுத்தினார். அடுத்தடுத்த கலனில் காற்றழுத்தம் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே சாறு கொதிக்கும். ஒரு தடவை போட்ட எரிபொருளின் சூடு மூன்று தடவை வேலை செய்யும், சர்க்கரை கருகாது, ஆளும் கரண்டி பிடித்து நிற்க வேண்டாம். 1843இலும் 1846இலும் காப்புரிமை வாங்கினார். நாங்கள் ஆலையில் குவாட் பாடி என்று சொல்கிற நான்கு கலன் எவாப்பரேட்டர் இருக்கிறதே, அது அவர் யோசனையின் வாரிசுதான். 31 வருடம் அதன் வெப்பத்தில் நின்றிருக்கிறேன், அவர் பெயரை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் பாடத்துக்காகத் தேடும்போதுதான் தெரிந்தது.

சுதந்திரமான கறுப்பினத்தவர் மீது கட்டுப்பாடுகள் இறுகியபோது அவர் ஊரை விட்டுப் பாரிஸுக்கே போய்விட்டார், 1894இல் அங்கேயே இறந்தார். தன் கருவியால் அத்தனை பேர் பணக்காரராகிய ஊரில் அவரால் நிம்மதியாக வாழ முடியவில்லை.

டீச்சர், நேரம் இருந்தால் மகனிடம் சொல்லி விட்னி பிளான்டேஷன் என்ற இடத்துக்குப் போய் வாருங்கள். பழைய கரும்புத் தோட்டம், இப்போது அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்க்கையைச் சொல்கிற அருங்காட்சியகம், நகரத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். அந்த இரும்புக் கொப்பரைகளை அங்கே பார்க்கலாம்.

முடிகொண்டான் பெண், மயிலாடுதுறை:

எல்லோரும் ப்ராலீனைச் சொன்னீர்கள், காலாவை யாரும் சொல்லவில்லையே! டீச்சர், நெல் விளைகிற ஊரிலிருந்து போகிற உங்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

காலா என்பது சோற்றுப் பணியாரம். மிஞ்சின சாதத்தை மசித்து, புளிக்கவைத்து, முட்டை, மாவு, சர்க்கரை, ஜாதிக்காய் சேர்த்து எண்ணெயில் பொரித்து மேலே சர்க்கரைத் தூள் தூவுவது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெண்கள் கையோடு வந்த பக்குவம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலையில்லாத நாள். அன்று தலையில் கூடை வைத்துக்கொண்டு, "பெல் காலா, து ஷோ" என்று கூவி விற்பார்களாம், அழகான காலா, சுடச்சுட என்று அர்த்தம். கோயில் முடிந்து வருகிறவர்கள் காபியோடு வாங்கிச் சாப்பிடுவார்கள். லூசியானா ஸ்பெயின் ஆட்சியில் இருந்த காலத்தில் அடிமையாக இருப்பவர் தனக்கு ஒரு விலை பேசிப் பணம் கட்டி விடுதலை வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. காலா விற்ற காசைச் சேர்த்துத் தன்னையும் தன் பிள்ளைகளையும் மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். பணியாரம் சுட்ட காசில் பிள்ளையை மீட்பது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது அந்த ஊரிலேயே காலா அபூர்வம், காலை உணவுக்குச் சில இடங்களில் எப்போதாவது போடுவார்களாம். நான் வீட்டில் செய்து பார்த்தேன். முதல் தடவை புழுங்கலரிசி சாதத்தில் செய்ததால் எண்ணெயில் விட்டதும் உதிர்ந்துவிட்டது. அடுத்த தடவை பச்சரிசியைக் குழைய வடித்து, இளஞ்சூட்டில் மசித்து, ஈஸ்ட் கரைத்து ராத்திரி முழுக்க வைத்து, காலையில் இரண்டு கரண்டி மைதா கூடுதலாகப் போட்டேன், உருண்டு திரண்டு வந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி. நீங்கள் போனதும் அந்த எதிர்வீட்டு அம்மாவிடம் அவர் பாட்டி காலா சுட்டாரா என்று கேளுங்கள். தெரிந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சுடுங்கள்.

அப்புறம் காபி. கும்பகோணத்துக்காரருக்கு அங்கே கவலையே வேண்டாம், நம்மைப் போலவே சிக்கரி கலந்து சூடான பாலோடு குடிக்கிற ஊர் அது. அந்த பிரெஞ்சு மார்க்கெட் பக்கம் முதலில் காபி விற்றுப் பெயர் வாங்கியவர் ரோஸ் நிக்கோ என்ற கறுப்பினப் பெண், 1800களின் தொடக்கத்தில். அவரும் அடிமையாக இருந்து, காபி விற்ற காசில் தன்னை விடுவித்துக்கொண்டவர். முதல் வாய் காபி குடிக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடம்போக்கி, திருவாரூர்:

கடைமடை தம்பி, உன் பதிவை வீட்டில் உரக்கப் படித்தேன், என் மனைவியும் கேட்டார். நான் கேட்ட கேள்வி தவறு என்று இன்னும் முழுதாகச் சொல்ல மாட்டேன், சுவையும் சுத்தமும் முதலில் வர வேண்டும் என்பதில் மாறவில்லை. ஆனால் போர்டு மாட்டுவதற்கு முன்னாலேயே கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டார்கள் என்று நீ எழுதியது எனக்குத் தெரியாத பக்கம். திருவாரூரில் நாற்பது வருடமாகக் கடைவீதியில் நடக்கிறேன், அப்படி யோசித்ததில்லை. உன் கடை எந்தப் பாதையில் என்று தனிச்செய்தியில் சொல்லு, நேரில் வருகிறேன்.

கோரையாறு, மன்னார்குடி:

டீச்சர், எடுத்துப் போகிற இனிப்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பால் சேர்த்தது வேண்டாம், சுங்கத்தில் கேள்வி வரும். அசோகா அல்வா எடுத்துப்போக ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அவ்வளவு நெய்யோடு அத்தனை தூரம் தாங்காது. வறண்ட பண்டமாக, நன்றாகக் கட்டி, கேட்டால் மறைக்காமல் இன்னது என்று சொல்லி எடுத்துப் போங்கள்.

என் யோசனை எள்ளுருண்டை. காரணம் இருக்கிறது. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கம் எள்ளுக்கு இன்றைக்கும் பென்னே என்றுதான் பெயர், மேற்கு ஆப்பிரிக்க மொழிச் சொல். அடிமைகளாக வந்தவர்கள் தங்கள் சின்னத் தோட்டத்தில் விதைத்து வளர்த்தது, அதில் செய்கிற பென்னே பிஸ்கட் அங்கே பிரபலம். அதனால் எள்ளும் இனிப்பும் சேர்ந்த வாசனை அந்த அம்மாவுக்கு அந்நியமாக இருக்காது. ஒன்று மட்டும், எள் சிலருக்கு ஒவ்வாமை கொடுக்கும், மகனிடம் சொல்லி முதலில் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் போகும் மாதத்தில் மார்டி க்ரா திருவிழா முடியாமல் இருந்தால் கிங் கேக் கிடைக்கும், ஊதா, பச்சை, பொன் நிறத்தில் வளையமாக இருக்கும், ஜனவரி 6 தொடங்கி அந்தத் திருவிழா நாள்வரைதான். சித்திரை நடுவில் ஜாஸ் திருவிழா வரும், அங்கே கறுப்பினக் குடும்பங்கள் வருடா வருடம் போடுகிற உணவுக் கடைகள் நிறைய, நிழலுக்குக் குடை எடுத்துப் போங்கள்.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:

எல்லோருடைய பதிவையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதின மாதிரி. லொரெட்டாஸ், டூக்கி சேஸ், லில் டிஸ்ஸீஸ், விட்னி, எல்லாவற்றையும் மகனுக்கு அனுப்பிவிட்டேன். இத்தனை வருடம் அங்கே இருந்தும் காலா என்ற பெயரையே கேட்டதில்லை என்கிறான். ஆலை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அவனே விட்னிக்கு ஒரு நாள் ஒதுக்கிவிட்டான்.

எதிர்வீட்டு அம்மாவிடம் நேற்றே கேட்கச் சொன்னேன். எள் ஒத்துக்கொள்ளுமாம், பென்னே என்று சொன்னதும் சிரித்துவிட்டாராம். காலா அவர் பாட்டி சுட்டதில்லை, பாட்டியின் அக்கா சுட்டிருக்கிறார், பக்குவம் எழுதி வைக்காமல் போய்விட்டார் என்று வருத்தப்பட்டாராம். முடிகொண்டான் அம்மா, உங்கள் பச்சரிசிக் கணக்கை அளவோடு கொஞ்சம் எழுதி அனுப்புங்கள், அவர் அடுக்களையில் வைத்தே முயற்சி செய்கிறோம்.

கடைமடை தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. வரும் வியாழக்கிழமை தங்கை வீட்டுக்கு வேதாரண்யம் போகிறேன், போகிற வழியில் உங்கள் கடைக்கு வருகிறேன். எள்ளுருண்டை இரண்டு கிலோ வேண்டும். கறுப்பு எள், வெல்லப்பாகு, ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக. பாகு கல் பதத்துக்குப் போகாமல், வயதானவர் கடிக்கிற மாதிரி இருக்கட்டும். உங்கள் அம்மா கையால் பிடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது, பெட்டியின் மேல் அவர் பெயரை எழுதிக் கொடுங்கள், இது யார் செய்தது என்று அந்த அம்மா கட்டாயம் கேட்பார்.